ரப்பர் அச்சில் ஒரு தீபாவளி வாழ்த்து

தீபாவளி என்றதும் பலகாரமும் புத்தாடையும் நினைவுக்கு வருவதுபோல, ஒரு காலத்தில் தபால்காரர் கொண்டுவரும் வாழ்த்து அட்டையும் நினைவுக்கு வரும். ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டத்து வீடுகளில் அந்த அட்டைகளை நூலில் கோத்துத் தொங்கவிட்டு, வருவோர் போவோருக்கெல்லாம் காட்டி மகிழ்ந்தனர். இன்று அந்த இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. ஒரே படம் நூறு பேருக்குப் போகிறது, மறுநாளே அழிக்கப்படுகிறது.

செலவும் குறைவாக, பெறுபவரும் பத்திரப்படுத்தும்படியாக அட்டை செய்ய வழி உண்டா? உண்டு. அதுதான் ரப்பர் அச்சு.

மலாக்காவும் ரப்பரும்

1896-இல் தான் சாய் யான், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் ரப்பர் தோட்டத் தொழிலின் தொடக்க முயற்சிகளில் அதுவும் ஒன்று. பின்னர் நாடெங்கும் திறக்கப்பட்ட தோட்டங்களில் தமிழர்கள் பால்வெட்டினர். அதற்கு முன்பே, 1844-இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடேற்றி உறுதியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அதன் பயனாகவே 1860-களில் ரப்பர் முத்திரை பிறந்தது. அலுவலகங்களில் கடிதத்தில் குத்தப்பட்ட முத்திரை, பிற்காலத்தில் கைவினைக் கலையாகவும் வளர்ந்தது.

செய்வது எப்படி?

கடைகளில் விற்கும் அலங்கார அச்சுகளில் பெரும்பாலும் ஆங்கில வாசகங்களே இருக்கும். தமிழில் வேண்டுமானால் நாமே செதுக்கிக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் பெரிய வெள்ளை அழிப்பானே போதும். இப்போது அவற்றில் பல, பால்மரத்து ரப்பர் அல்ல, ஒருவகை பிளாஸ்டிக். ஆயினும் மெதுவாக வெட்டுப்படும்.

முதலில் மெல்லிய தாளில் மென்மையான பென்சிலால் ‘வாழ்த்து’ என்று எழுதவும். எழுதிய பக்கத்தை அழிப்பானின் மேல் கவிழ்த்து, பின்புறம் நகத்தால் தேய்க்கவும். எழுத்து தலைகீழாக அல்ல, இடவலமாக மாறிப் பதியும். அதை அப்படியே செதுக்கினால், அட்டையில் குத்தும்போது சரியாக வரும். நேராக எழுதிச் செதுக்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

எழுத்தை விட்டுவிட்டு, சுற்றியுள்ள பகுதியை நீக்க வேண்டும். கத்தியை எழுத்திலிருந்து வெளிப்புறமாகச் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் அடிப்பகுதி அகலமாக நிற்கும், அழுத்தும்போது வளையாது. ஆழமும் அதிகம் வேண்டாம். பட்டையைச் சீவி, உள்மரத்தில் காயம் படாமல் பால்வெட்டிய தாத்தா பாட்டிகளுக்கு இந்தக் கைப்பக்குவத்தைச் சொல்லித் தரவே வேண்டியதில்லை. சிறுவர்கள் செய்வதானால் கத்தி வேலையைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வது நல்லது. கத்தியே வேண்டாமென்றால் குறுக்கே நறுக்கிய வெண்டைக்காய் போதும். அழகிய பூ விழும்.

மையும் தாளும்

சாயமை விரைவில் காயும். நிறமி மை அழுத்தமான நிறம் தரும். ஆனால் காய நேரமாகும், வழவழப்பான தாளில் இழுபடும். நம் ஈரக் காற்றுக்குச் சொரசொரப்பான கெட்டித் தாளே ஏற்றது. அச்சின் மீது மைப்பஞ்சை லேசாகத் தட்டி, அட்டையில் நேராக அழுத்தி, அசைக்காமல் எடுக்கவும். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, வெயில் படாத இடத்தில் வைக்கவும். வெயிலில் ரப்பர் வெடித்துவிடும்.

யாருக்கு அனுப்புவது?

பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தவர்கள் இன்று வெவ்வேறு பட்டணங்களில் இருக்கிறார்கள். அவர்களில் பலருடைய கைப்பேசி எண் இருக்கும். வீட்டு முகவரி இருக்காது. அட்டை செய்யத் தொடங்கினால் முகவரி கேட்க வேண்டிவரும். அந்த ஓர் அழைப்பில் விட்டுப்போன உறவு மீண்டும் பேசத் தொடங்கும்.

பிள்ளைகள் இடவலம் மாற்றிச் செதுக்கும் ஒவ்வோர் எழுத்தையும் உற்றுப் பார்க்கிறார்கள். ‘ழ’வின் வளைவு அவர்கள் கையில் நிலைக்கிறது. இவ்வாண்டு தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னதாகவே, ஒரே ஓர் அச்சுடனாவது தொடங்கிப் பாருங்கள்.