பாதி நேராகி நின்ற முடி: அடுத்த டப்பாவைத் திறக்கும் முன்

புனே கேம்பில் எம்.ஜி. ரோடு, ஈஸ்ட் ஸ்ட்ரீட் பக்கம் பார்லர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் செலவுக்குப் பயந்து, ஸ்ட்ரெயிட்னிங் க்ரீம் வாங்கிவந்து வீட்டுக் குளியலறையிலேயே போட்டுக்கொள்பவர்கள் உண்டு. க்ரீமுக்குப் பின் அயர்ன் போட்ட அன்று முடி வழவழவென்று விழும். ஜூனில் மழை தொடங்கியதும் பழைய சுருள் எட்டிப்பார்க்கும். வெறும் சூட்டில் வந்த நேர்த்தி ஈரக்காற்றுக்குத் தாங்காது. க்ரீமின் வேலை பாதியில் நின்றுவிட்டது என்பது அப்போதுதான் தெரியும்.

இதனால் முடி கெட்டுவிட்டது என்று பொருளில்லை. ஆபத்து, அவசரப்பட்டு வாங்கும் இரண்டாவது டப்பாவில்தான்.

ஏன் பாதியில் நின்றது?

முடியின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பவை கெரட்டின் புரதத்துக்குள் உள்ள கந்தகப் பிணைப்புகள். தையோகிளைக்கோலேட் கலந்த க்ரீம் அவற்றை அவிழ்க்கும். பிறகு பூசும் நியூட்ரலைசர், நேராக்கிய நிலையில் அவற்றைத் திரும்பக் கட்டும். க்ரீமைச் சீக்கிரம் கழுவிவிட்டாலோ, தடித்த கற்றைகளாக எடுத்துப் பூசினாலோ போதிய பிணைப்புகள் அவிழாது. நியூட்ரலைசரை அரைகுறையாக வைத்து அலசினால் அது இன்னும் மோசம்: சுருளும் திரும்பும், முடியும் பலவீனமாகும். காலாவதியான க்ரீமும் ஏமாற்றும்.

நம் வீடுகளில் எண்ணெய்க்கும் இதில் பங்குண்டு. தேங்காய் எண்ணெய் ஊறிய முடியில் இந்தக் க்ரீம் சரியாக இறங்காது. முன்னதாக ஷாம்பு போட்டு அலச வேண்டும், கண்டிஷனர் கூடாது.

டப்பாவின் பின்பக்கம்

எல்லா க்ரீமும் ஒன்றல்ல. வெளிநாட்டிலிருந்து வரும், ரிலாக்ஸர் எனப்படும் நேராக்கும் க்ரீம்களில் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, இருக்கலாம். கால்சியம் ஹைட்ராக்சைடு கலந்தவையும் உண்டு. இவற்றின் காரத்தன்மை பிஎச் 12-க்கு மேல். தையோ வகையில் 9 அளவில் இருக்கும். ஒன்றைப் போட்ட முடியில் மற்றதைப் போட்டால் முடி கையோடு உடைந்து வரும். ஹைட்ராக்சைடு வகைக்கு முதல்நாள் தலைக்குக் குளிப்பதும் தலையைச் சொறிவதும்கூடத் தவறு, தோல் எரியும். முன்னதாக ஷாம்பு போட்டு அலசச் சொன்னது தையோவுக்கு, இங்கே அது செல்லாது. உலோக உப்பு கலந்த மருதாணிப் பொடியோ சாயமோ போட்ட தலை என்றால் இரண்டுமே வேண்டாம்.

இப்போது என்ன செய்யலாம்?

ஈரமான ஒரு முடியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். சற்று நீண்டு, விட்டதும் பழைய நிலைக்கு வந்தால் முடியில் இன்னும் வலுவிருக்கிறது. ரப்பர்போல நீண்டு திரும்பாமல் நின்றாலோ, குழைந்தாலோ, அறுந்தாலோ வேலை குறையவில்லை, மிஞ்சிவிட்டது. அந்த முடிக்கு இனி எந்த க்ரீமும் கூடாது.

வலுவாக இருந்தாலும் குறைந்தது 8 வாரம் பொறுங்கள். அதற்குள் வேரில் சுமார் 2 செ.மீ. புது முடி வந்திருக்கும். நேராகாத பகுதியில் மட்டும், அதே வகைக் க்ரீமை, அனுபவமுள்ளவர் கையால் போட்டுக்கொள்வது நல்லது. காதுக்குப் பின்னால் ஒரு சிறு கற்றையில் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை அயர்னைத் தினமும் எடுக்காதீர்கள். குளிக்குமுன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அது முடியின் புரத இழப்பைக் குறைப்பதாக மும்பை ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

தோல் எரிந்தால்

க்ரீம் எரிச்சல் தந்தால் நேரம் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே ஏராளமான தண்ணீரில் அலசுங்கள். எலுமிச்சையும் வினிகரும் வேண்டாம். கண்ணில் பட்டால் 20 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். கொப்புளம், சீழ், திட்டுத்திட்டாக முடி கொட்டுதல் இருந்தால் பார்லர் அல்ல, தோல் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். கேம்புக்கு அருகிலேயே சாசூன் அரசு மருத்துவமனை இருக்கிறது.

திரும்பத் திரும்பப் போடலாமா?

அமெரிக்காவில் 33,497 பெண்களைச் சுமார் 11 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2022-இல் வெளியானது. முடி நேராக்கும் பொருள்களை ஆண்டுக்கு 4 முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில், 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம் என அது கணக்கிட்டது, பயன்படுத்தாதவர்களுக்கு 1.64. காரணம் இதுதான் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் ஒரு மழைக்காலத்துக்குள் இரண்டு மூன்று முறை போட்டுப் பார்க்க நினைப்பவர்கள் யோசிக்க அது போதும்.

பார்லருக்கோ மருத்துவரிடமோ போகும்போது எந்த வகைக் க்ரீம் என்று அவர்கள் பார்க்கப் பழைய டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.