ஹேண்டிகேம் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

'பழைய ஹேண்டிகேம் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன் மச்சி' என்கிற டயலாக் உங்க ஹாஸ்டல்லயும் கேட்குதா? கையில 4கே எடுக்கற செல்போன் இருக்கும்போது இது எதுக்குன்னு வீட்டில் கேட்கத்தான் செய்வாங்க. அந்தக் காலத்துக் கல்யாண வீடியோ கலர் போன்ல அவ்வளவு சுலபமா வராது. கல்ச்சுரல்ஸ்ல கடைசி வரிசையில உட்கார்ந்துக்கிட்டு மேடையைப் பக்கத்துல இழுக்க, 20 மடங்கு ஆப்டிகல் ஜூம் இருக்கிற கேமரா கெத்துதான். (மேலே '800எக்ஸ்'னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா நம்பாதீங்க. அது டிஜிட்டல் ஜூம், வெறும் புள்ளியைப் பெரிசாக்கிக் காட்டற வேலை.)

தாராளமா வாங்குங்க. ஆனா ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க. எடுத்த வீடியோ அந்தப் பெட்டிக்குள்ளேயிருந்து எப்படி வெளியே வரும்? பழைய கேமராவை வாங்கினா, அதோட ஃபார்மட்டும் சேர்ந்து நம்ம தலையில விழும்!

முதல்ல மினிடிவி. 1995-ல் வந்த குட்டி கேசட், ஒரு மணி நேரம் ஓடும். சைஸைப் பார்த்து எடை போடாதீங்க. 2002-ல் வந்த '28 டேஸ் லேட்டர்' படத்தின் பெரும்பகுதி மினிடிவி கேமராவில் எடுத்ததுதான். நொடிக்கு 25 மெகாபிட் வேகத்துல பதிவாகும். ஒரு கேசட்டை முழுசா கம்ப்யூட்டர்ல இறக்கினா சுமார் 13 ஜி.பி. பிடிக்கும். எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு ரொம்பப் பிடிச்ச ஃபார்மட் இது.

சிக்கல் அந்த 'இறக்கற' இடத்துலதான். இதுக்கு ஃபயர்வயர் கேபிள் வேணும். சோனி கேமராவுல அதுக்கு 'ஐ-லிங்க்'னு பேர். உங்க புது லேப்டாப்ல அந்த ஓட்டையே இருக்காது. 'யு.எஸ்.பி. இருக்கே தம்பி'ன்னு கடைக்காரர் சொல்வார். பல மாடல்கள்ல அது ஸ்டில் போட்டோ எடுக்கறதுக்கும் மங்கலான வெப்கேம் படத்துக்கும் மட்டும்தான். ஃபயர்வயர் கார்டு செருகின பழைய டெஸ்க்டாப் யார்கிட்டயாவது இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் பர்ஸைத் திறங்க. இன்னொண்ணு, ஒரு மணி நேர கேசட் இறங்க ஒரு மணி நேரம் ஆகும். நாளைக்கே சப்மிஷன்னா கஷ்டம்.

கடைக்குப் போகும்போது வேற கேமராவில் பதிவான கேசட் ஒண்ணைக் கொண்டு போங்க. அதைப் போட்டு ஓட்டிப் பாருங்க. கட்டம் கட்டமா படம் உடைஞ்சா ஹெட்டுல அழுக்கு, இல்லேன்னா தேய்மானம். ஐந்து நிமிஷம் புதுசா ரெக்கார்ட் பண்ணியும் ஓட்டிப் பாருங்க. மைக் செருகற ஓட்டை இருந்தா போனஸ். ஆடிட்டோரியத்துல படம் சுமாரா இருந்தாலும் பார்ப்பாங்க, வசனம் கேட்கலைன்னா எழுந்து போயிடுவாங்க.

குட்டி டிவிடியில எழுதற கேமரா? என் ஓட்டு இதுக்கு இல்லை. ஒரு டிஸ்க்குல 1.4 ஜி.பி., அதாவது அரை மணி நேரம். 'ஃபைனலைஸ்' பண்ண மறந்தா வேற பிளேயர்ல பெரும்பாலும் ஓடாது.

குறும்படம், கல்ச்சுரல்ஸ், டூர்... இதுதான் உங்க தேவைன்னா கண்ணை மூடிட்டு மெமரி கார்டு மாடலை எடுங்க. கார்டைக் கழட்டினா ஃபைல் கையில. சில பழைய சோனி மாடல்கள் மெமரி ஸ்டிக்கை மட்டும்தான் ஏத்துக்கும், அதை மட்டும் கேட்டுக்கங்க. ஹார்ட் டிஸ்க் மாடலும் ஓகே. கீழே போட்டுடாம பார்த்துக்கணும்!

அப்ப மினிடிவியை யார் வாங்கணும்? வீட்டு பீரோவில் பழைய கேசட் வெச்சிருக்கிறவங்க. உங்க காதுகுத்து, அக்கா கல்யாணம், இப்ப இல்லாத தாத்தா பேசின பேச்சு எல்லாம் அதுலதான் இருக்கும். நம்ம ஊர் ஈரக்காத்துல கேசட்டுக்குப் பூஞ்சை பிடிக்கும், நாள் போகப் போகப் படமும் போயிடும். கேசட்டோட சைஸைப் பார்த்து அதுக்கேத்த கேமரா வாங்குங்க. கொஞ்சம் பெரிய 8 எம்.எம். கேசட்டுன்னா அது வீடியோ8 அல்லது ஹை8. சில டிஜிட்டல்8 கேமராக்கள் அதையும் ஓட்டி, ஃபயர்வயர் வழியா டிஜிட்டலாவே அனுப்பும். மாடல் நம்பரைத் தேடிப் பார்த்து உறுதி பண்ணிக்கங்க. அமெரிக்கா மாமா கொண்டு வந்த கேமரா என்.டி.எஸ்.சி. ஆக இருக்கும், நம்ம ஊர் கேசட் பால் (குடிக்கிற பால் இல்லை!) முறையில் இருக்கும். ரெண்டும் ஒத்துப் போகாது.

எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்குல ரெண்டு காப்பி போட்டுட்டு, கேமராவை அடுத்த ஆளுக்கு வித்துடலாம். ஆனா பழைய கேசட்டை உள்ளே போடறதுக்கு முன்னாடி, அதோட ஓரத்துல இருக்கிற குட்டி பூட்டை 'சேவ்' பக்கம் தள்ளிடுங்க. இல்லேன்னா யாராவது சிவப்பு பட்டனை அமுக்கி, தாத்தா மேல உங்க ஹாஸ்டல் குத்தாட்டம் பதிவாகிடும்!