வீட்டைப் பார்த்தோம், பத்திரத்தைப் பார்த்தோமா?

"கிணத்துத் தண்ணி இனிப்பா இருக்கு. வாசல் கிழக்கே பாத்திருக்கு. புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கம். இதுக்கு மேல என்ன தாயி பாக்கணும்?" என்றார் என் மாமியார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. திருவேங்கடத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் அந்த வீடு. பத்து வருஷமாக அதைத் தாண்டித்தான் தண்ணீர் எடுக்கப் போய் வந்திருக்கிறேன். 2025 தை பிறந்ததும் அதை விற்கப் போவதாகச் செய்தி வரவே, எங்களுக்கும் வழி பிறந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். விலை 22 லட்சம். 20 ரூபாய்ப் பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு 2 லட்சம் அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. அந்த 2 லட்சத்தில் என் அம்மா எனக்குப் போட்ட ரெட்டை வடச் சங்கிலியும் அடக்கம். அதனால்தான் அடுத்த ஏழு மாதம் எனக்குச் சரியான தூக்கம் கிடையாது.

கடனுக்காக வங்கிக்குப் போனோம். கல்யாணத்துக்கு மளிகைச் சாமான் எழுதுவதுபோல நீளமாக ஒரு பட்டியல் கொடுத்தார்கள். மூலப்பத்திரம், அதிலிருந்து இன்றுவரை தொடர்ந்து வந்த பத்திரங்கள், 30 வருஷத்து வில்லங்கச் சான்று, பட்டா, நில வரைபடம், வீட்டு வரி ரசீது, இறந்துபோனவர்களின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. "கடன் குடுக்க மனசில்லாம அலைக்கழிக்கிறாங்க" என்று இவர் முணுமுணுத்தார். நானும் ஆமாம் போட்டேன்.

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், சகோதரிகளே. ஏமாந்தது அங்கேதான் முதலில். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அப்படியானால் கையில் 2,20,000 இருந்தால் போதும் என்று நாங்களாகவே கணக்குப் போட்டுவிட்டோம். ஆனால் அந்த மதிப்பை நாம் சொல்வதில்லை, வங்கி அனுப்பும் இன்ஜினீயர் சொல்கிறார்! எங்கள் பக்கத்துக் கரிசல் மண் மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும். மேற்குச் சுவரில் ஓடிய விரிசலை அவர் தடவிப் பார்த்துவிட்டு 20 லட்சம் என்று எழுதினார். கடன் 18 லட்சமாகச் சுருங்கிவிட்டது. போதாக்குறைக்கு, பத்திரச் செலவு அந்தக் கணக்கில் சேராது. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 22 லட்சத்துக்கு 1,98,000 ரூபாய். ஆக, நாங்கள் புரட்ட வேண்டியது 5,98,000! (10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை என்று 2025 ஏப்ரல் முதல் வந்திருக்கிறது. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உங்களில் யாருக்காவது உதவும்.)

காகிதங்களை வங்கியின் வக்கீலுக்கு அனுப்பினார்கள். சங்கரன்கோவிலில் இருந்த அந்த வக்கீலம்மா முதலில் கேட்டதே எனக்கு வேடிக்கையாக இருந்தது. 1971-ம் வருஷத்துக் கிரயப் பத்திரத்தில் 'திருநெல்வேலி மாவட்டம், சங்கரன்கோவில் வட்டம்'. 1996 பாகப்பிரிவினைப் பத்திரத்தில் 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்'. இப்போதைய பட்டாவிலோ 'தென்காசி மாவட்டம், திருவேங்கடம் வட்டம்'. வீடு நின்ற இடத்தில் நிற்க, ஊருக்குத்தான் எத்தனை விலாசம்! 1986-ல் மாவட்டம் பிரிந்தபோது ஒரு பெயர், 1997-ல் மறுபடியும் பழைய பெயர், 2019-ல் தென்காசி தனி மாவட்டம். சர்வே எண்ணும் இடையில் மாறியிருந்தது. "மூணும் ஒரே இடம்தான்னு பழைய நம்பர், புது நம்பர் ரெண்டையும் பத்திரத்துல எழுதணும்மா. நாளைக்கு நீங்க விக்கப் போறப்போ இதே கேள்வி வரும்" என்றார்.

அடுத்த கேள்விதான் தலையில் இடி. "1971-ல வாங்கினவர் 1994-ல உயில் எழுதாம இறந்திருக்கார். வாரிசுச் சான்றிலே அஞ்சு பேர் இருக்காங்க. சம்சாரம், ரெண்டு மகன், ரெண்டு மகள். அம்மா அப்புறம் தவறிட்டாங்க, சரி. 1996 பாகப்பிரிவினையிலே மகன்கள் ரெண்டு பேர்தான் கையெழுத்துப் போட்டிருக்காங்க. பொண்ணுங்க எங்கே?"

விற்கிறவரிடம் போய்க் கேட்டோம். "அவளுகளுக்கு அப்பவே நகை நட்டு, சீர்செனத்தி எல்லாம் செஞ்சாச்சு. அவளுகளுக்கு என்ன பாத்தியதை?" என்றார் அந்தப் பெரியவர். அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

வக்கீலம்மா எனக்கு விளக்கியதை அப்படியே சொல்கிறேன். பெண்ணுக்குச் சொத்துரிமை என்றதும் 1989-ல் தமிழ்நாட்டில் வந்த திருத்தத்தையும், 2005-ல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தத்தையும்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அவை பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்துக்கு. ஓர் இந்துத் தகப்பனார் தம் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில், அவர் உயில் எழுதாமல் போனால், மகனுக்குச் சமமான பங்கு மகளுக்கு உண்டு என்பது 1956-ம் வருஷத்துச் சட்டத்திலேயே இருக்கிறது! சீர் செய்தது பங்கு கொடுத்ததாக ஆகாது. "சாட்சிக் கையெழுத்து வாங்கித் தாறேன்" என்று பெரியவர் இறங்கி வந்தார். அதுவும் செல்லாதாம். அண்ணன் தம்பியோடு சேர்ந்து அக்கா தங்கையும் கிரயம் எழுதிக் கொடுப்பவர்களாகவே கையெழுத்துப் போட வேண்டும்.

அட்வான்ஸ் சீட்டைக் காட்டினோம். அதற்கும் குட்டு வாங்கினேன். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2012-லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. 'உரிமையில் குறை இருந்து கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்' என்ற ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். சங்கிலி கண்முன் வந்து போயிற்று.

தங்கை கோவில்பட்டியில். உடனே வந்தார். அக்கா மும்பையில். ஆனி போய், ஆடி போய், ஆவணியில்தான் வந்தார். எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார வைத்தேன். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே அந்த வீட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"எனக்குப் பணம் பெரிசில்ல மதினி. முப்பது வருஷமா ஒரு வார்த்தை யாரும் கேக்கல. கேட்டிருந்தா அன்னிக்கே போட்டுக் குடுத்திருப்பேன்லா?"

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு குடும்பத்துக்குள் பேசி, ஆளுக்கு ஒரு பங்கு என்று முடிவாயிற்று. மும்பை அக்கா தம் பங்கை வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

ஆவணி கடைசியில் ஒரு முகூர்த்த நாளில் பதிவு நடந்தது. என் பெயரும் இவர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. சொத்தில் பெயர் இருப்பவர்கள் கடனிலும் சேர வேண்டும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அதாவது தவணை தவறினால் என்னையும்தான் கேட்பார்கள். அதே நாளில் அசல் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கும் ஓர் ஆவணம் பதிவாயிற்று. எந்தெந்தப் பத்திரம், எத்தனை பக்கம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டேன். கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசலைத் திருப்பித் தர வேண்டும், தங்கள் தவறால் தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று 2023-ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. கடன் தீர்ந்ததும் ரசீதுப் பத்திரம் ஒன்று பதிய மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் வில்லங்கத்தில் அடமானம் அப்படியே நின்றுகொண்டிருக்கும்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது வக்கீலம்மா சும்மா பேச்சுக்குக் கேட்டார்: "உங்க அப்பா வீட்டுச் சொத்து எல்லாம் எப்படிம்மா?"

அப்பா 2011-ல் தவறினார். காரியம் முடிந்த அடுத்த மாதம் அண்ணன் காரில் அழைத்துப் போனார். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்து, விரல் ரேகை. மத்தியானம் நல்ல ஹோட்டலில் சாப்பாடு. என்ன பத்திரம் என்று நான் கேட்கவும் இல்லை, அண்ணன் சொல்லவும் இல்லை.

போன வாரம் பதிவுத்துறை இணையதளத்தில் என் மகள் வில்லங்கம் பார்த்துக் கொடுத்தாள். ஆவண எண்ணும் வருஷமும் கிடைத்துவிட்டது. நகலுக்கு மனுப் போட்டிருக்கிறேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.