டாக்டர் பட்டம் மட்டும் போதுமா?
மனோதத்துவம் படிப்போர் கவனத்துக்கு!

ஒகேனக்கல் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பாறைகளுக்கு நடுவே இரைந்து விழும் காவிரி. எண்ணெய்க் குளியல். பொரித்த மீன். அப்புறம், வட்டமான பரிசல்.

அந்தப் பரிசலை யார் வேண்டுமானாலும் ஓட்டிவிட முடியாது. ஆற்றோரத்திலேயே பிறந்து வளர்ந்தவரானாலும், பயணிகளை ஏற்றிச் செல்ல உரிமம் வேண்டும். காவிரியைப் பற்றி ஒருவர் ஆயிரம் பக்கம் எழுதியிருக்கலாம். அதற்காக அவர் கையில் துடுப்பைக் கொடுத்துவிடுவார்களா?

மனநோய்ச் சிகிச்சையும் இப்படித்தான்.

எந்த டாக்டர்?

பரிசல் ஓட்டுகிறவரின் மகள் ஒருத்தி மனோதத்துவத்தில் எம்.ஏ. தேறியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "டாக்டர் பட்டம் வாங்கி, ஊருக்கே திரும்பி வந்து, மனம் நொந்தவர்களுக்குச் சிகிச்சை செய்வேன்" என்கிறாள் அவள். நல்ல எண்ணம். ஆனால் எந்த டாக்டர் பட்டம்?

பிஎச்.டி. என்பது ஆராய்ச்சிப் பட்டம். நோயாளிக்குச் சிகிச்சை செய்யும் உரிமையை அது தானாகவே தந்துவிடாது. 'சை.டி.' என்று இன்னொரு டாக்டர் படிப்பு இருக்கிறது. அது ஆஸ்பத்திரியில், அனுபவசாலிகளின் மேற்பார்வையில் நோயாளிகளுடன் பழகிக் கற்கும் தொழிற்படிப்பு.

மருத்துவ மனோதத்துவ நிபுணர் யார் என்பதை 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டம் வரையறுத்திருக்கிறது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பைப் படித்திருக்க வேண்டும் என்கிறது அது. அந்தக் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்வதும் அவசியம். பதிவு இல்லாமல் தொழில் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று 1992-ம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

பல ஆண்டுகளாக, இரண்டாண்டு எம்.பில். படிப்பே இதற்கு ராஜபாட்டையாக இருந்தது. 2025-26 கல்வியாண்டு வரையே அதில் புதிய மாணவர்களைச் சேர்க்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2024 ஜனவரியில் அறிவித்தது. ஆகையால் பழைய மாணவர்கள் சொன்ன வழியை அப்படியே நம்பிப் புறப்பட வேண்டாம்.

ஆராய்ச்சிதான் விருப்பமா?

பிஎச்.டி.க்கு எம்.ஏ.யில் 55 சதவிகித மதிப்பெண் வேண்டும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்பினருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் ஐந்து சதவிகிதச் சலுகை உண்டு. படிப்புக்காலம் குறைந்தது மூன்று ஆண்டு. 'நெட்' பரீட்சை மூலம் சேருவோரில், உதவித்தொகைக்குத் தேர்வாகாதவர்களுக்குப் பரீட்சைக்கு 70, பேட்டிக்கு 30 என்று மதிப்பெண் பிரித்துக் கணக்கிட வேண்டும் என 2024 மார்ச்சில் விதி வந்தது.

பேட்டியில் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான்: "எதை ஆராயப் போகிறீர்கள்?"

இதற்கு விடை தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. தர்மபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பற்களில் கறை படியும், எலும்பு கெடும். இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-ல் துவக்கி வைக்கப்பட்டது. கறை படிந்த பல்லுடன் பள்ளிக்குப் போகும் பிள்ளை வாய் திறந்து சிரிக்கிறதா, கூச்சப்படுகிறதா? இது ஒரு நல்ல ஆராய்ச்சிக் கேள்வி. யாரிடம் கேட்பது, எப்படி அளப்பது, அளக்கும் கேள்வித்தாள் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று யோசித்து வைத்துக்கொண்டால் பேட்டியில் தடுமாற வேண்டியதில்லை.

பக்கத்திலேயே பெங்களூர்

சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இன்னொரு திசையில் பெங்களூர். அங்கே 1954-ல் அகில இந்திய மனநல ஸ்தாபனம் ஏற்பட்டது. மறு வருஷமே மருத்துவ மனோதத்துவத்தில் டிப்ளமோ வகுப்பு தொடங்கியது. அந்த ஸ்தாபனம்தான் 1974-ல் அங்கிருந்த மனநோய் ஆஸ்பத்திரியோடு இணைந்து, இன்று 'நிம்ஹான்ஸ்' என்று பெயர் பெற்று விளங்குகிறது.

எங்கு விண்ணப்பித்தாலும், பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் படிப்பை மறுவாழ்வுக் கவுன்சில் இந்த ஆண்டுக்கு அங்கீகரித்திருக்கிறதா?" வாய்வார்த்தை போதாது. கவுன்சிலின் பட்டியலில் நீங்களே பார்த்துவிடுங்கள்.

நாலைந்து வருஷம் பாடுபட்டுப் படித்துவிட்டு, "உனக்கு உரிமம் இல்லை" என்று கேட்பது எவ்வளவு வேதனை! பரிசலில் ஏறுவதற்கு முன்பே துறையை விசாரித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.