சர்க்கரை வியாதிக்கும் புற்றுநோய்க்கும் என்ன உறவு?

மும்பை: எங்கள் ஆபீஸில் மூத்த ஊழியர் ஒருவர். வயது 56. தஞ்சாவூர்ப் பக்கம். சென்ற ஆண்டு திடீரென்று சர்க்கரை வியாதி என்றார்கள். குடும்பத்தில் எவருக்கும் அது இருந்ததில்லை. மாத்திரை ஆரம்பித்தார், சோற்றைக் குறைத்தார். நான்கு மாதத்தில் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. "காலையில் நடக்கிறீர்களே, பலன் தெரிகிறது சார்" என்று நாங்களெல்லாம் பாராட்டினோம். டாக்டர் மட்டும் பாராட்டவில்லை. வயிற்றை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கணையத்தில் கட்டி. இப்போது பரேல் டாடா ஆஸ்பத்திரியில் சிகிச்சை நடக்கிறது.

சர்க்கரையால் புற்றுநோயா, புற்றுநோயால் சர்க்கரையா? இரண்டு வழியும் உண்டு என்கிறது மருத்துவம். கணையத்தில் கட்டி வளரும்போதே சிலருக்குச் சர்க்கரை ஏறிவிடும். 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை கண்டவர்களில் சுமார் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் மூன்று ஆண்டுகளுக்குள் இது தெரிய வருகிறது. ஆகவே எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் காரணமின்றி உடம்பு இளைத்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மற்றொரு வழி மெதுவானது. ரத்தத்திலுள்ள சர்க்கரையைத் திசுக்களுக்கு அனுப்புவது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் சொல் எடுபடாது. கணையம் மேலும் மேலும் சுரக்கும். பல ஆண்டுகள் இப்படி ஓடும். பரிசோதனையில் சர்க்கரை சரியாகவே இருக்கும். கணையம் களைத்த பிறகுதான் சர்க்கரை ஏறுகிறது. இன்சுலினுக்குச் செல்களை வளரத் தூண்டும் வேலையும் உண்டு. அது மிஞ்சும்போது கெட்ட செல்லுக்கும் தீனியாகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகின்றனர்.

அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் புற்றுநோய்ச் சங்கமும் 2010-ல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கைப்படி, நீரிழிவுக்காரர்களுக்குக் கல்லீரல், கணையம், கருப்பை உட்சுவர் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரு மடங்கு அல்லது அதற்கு மேல். பெருங்குடல், மார்பகம், சிறுநீர்ப்பையில் அதைவிடக் குறைவு. வயது, பருமன் போன்றவை இரண்டு நோய்களுக்கும் பொதுவான காரணங்கள் என்பதால், பழி முழுவதும் சர்க்கரையுடையது என்று சொல்லிவிட முடியாது.

ஒல்லிதானே என்று இருக்கலாமா?

புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்! எட்டு மணி நேரம் கவுண்டரில் உட்கார்ந்து, வடாபாவும் கட்டிங் சாயுமாகப் பொழுதைத் தள்ளும் நமக்கு இது உறைக்க வேண்டும்.

தராசை விட டேப்பே மேல். ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. பேண்ட் சைஸை நம்ப வேண்டாம். அதை நாம் தொப்பைக்குக் கீழே அல்லவா மாட்டுகிறோம்! சர்க்கரை எல்லையில் நின்றவர்களிடம் சென்னை டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் திருத்திக் கொண்டவர்களுக்கு வியாதி வருவது 28.5 சதவீதம் குறைந்தது.

இதைப் படித்துவிட்டு இன்சுலின் ஊசியை எவரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. கட்டுப்பாடில்லாத சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.