சதுரங்கத்தில் அரைப் புள்ளி

சதுரங்கப் போட்டியில் வென்றவருக்கு 1 புள்ளி, தோற்றவருக்குப் புள்ளியில்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்தால் ஆளுக்கு அரைப் புள்ளி. இந்த அரைப் புள்ளியின் அருமையை நம்மில் பலர் உணர்வதில்லை. காய்களை இழந்த மாணவர் சிலர் தோல்வியை ஒப்புக்கொண்டு அரசனைச் சாய்த்துவிடுகின்றனர். அவ்வாறு செய்தல் தகுமா என்பதை ஆராய்வோம்.

அனுபவம் குறைந்த இருவர் ஆடுவதாகக் கொள்வோம். கறுப்புக்காய் ஆடுபவரிடம் எஞ்சியிருப்பது அரசன் மட்டுமே. அவனும் மூலைக் கட்டத்தில் ஒதுங்கி நிற்கின்றான். வெள்ளைக்காய் ஆடுபவரிடம் அரசனும் அரசியும் உள்ளனர். வெற்றி கைக்கு எட்டிவிட்டது என்னும் மகிழ்ச்சியில் அவர் தம் அரசியைக் கறுப்பு அரசனிடமிருந்து ஒரு குதிரைப் பாய்ச்சல் தொலைவில் வைக்கின்றார். மூலையில் நிற்கும் அரசன் செல்லத்தக்க கட்டங்கள் 3. அம்மூன்றையும் அரசி அடைத்துவிட்டாள். ஆயினும், அரசன் நிற்கும் கட்டத்திற்குச் 'செக்' இல்லை. செக் இல்லாதபோது நகர்த்துவதற்கும் வழியில்லையெனில், ஆட்டம் அக்கணமே சமநிலையில் முடியும் என்பது விதி. இதனை 'ஸ்டேல்மேட்' என்பர்.

சிப்பாய் ஒன்று அரசியாக மாறுவதற்கு விரைந்து வரும்போதும் இந்நிலை நேரும். கறுப்பு அரசன் கடைசி வரிசையில் நிற்க, அவனுக்கு நேர் முன்னே வெள்ளைச் சிப்பாயும், அதன் பின்னே வெள்ளை அரசனும் நின்றால், நகர்த்தும் முறை கறுப்புக்கு வரும்போது ஆட்டம் சமநிலையாகும். ஆகவே, காய்களை இழந்தவர் தம் அரசனைச் சிப்பாயின் பாதையிலேயே நிறுத்தப் பழகுதல் வேண்டும்.

பெரும் வீரர்களுக்கும் இது பொருந்தும். 1978இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் பாகியோ நகரில் உலக வெற்றியாளர் பட்டத்திற்குக் கார்ப்போவும் கோர்ச்னாயும் மோதினர். 5ஆம் ஆட்டத்தில் கோர்ச்னாய் வெல்லும் வாய்ப்பைத் தவறவிட்டார். 124 நகர்த்தல்கள் வரை நீண்ட அவ்வாட்டம் 'ஸ்டேல்மேட்' முறையில் சமநிலையாயிற்று. இறுதியில் கார்ப்போவ் 6 ஆட்டங்களையும் கோர்ச்னாய் 5 ஆட்டங்களையும் வென்றனர். ஓர் ஆட்ட வேறுபாட்டில் பட்டம் நிலைத்தது எனின், அன்று தப்பிய ஆட்டத்தின் மதிப்பைச் சொல்லவும் வேண்டுமோ?

மாணவச் செல்வங்களே! முன்னணியில் இருக்கும்போது, "இந்த நகர்த்தலுக்குப் பின் எதிராளிக்கு நகர வழி உண்டா?" என ஒவ்வொரு முறையும் எண்ணிப் பாருங்கள். பதறாத காரியம் சிதறாது. பின்தங்கும்போது அரசனைச் சாய்த்துவிடாதீர்கள்.

பெற்றோர்களே! பிள்ளை அரைப் புள்ளியுடன் வீடு திரும்பினால், "ஏன் வெல்லவில்லை?" எனக் கடிந்துகொள்ளாதீர்கள். எந்த நிலையிலிருந்து அதனைப் பெற்றான் என்று கேளுங்கள். முழுப் புள்ளியினும் கடின உழைப்பு அதில் அடங்கியிருக்கக்கூடும்.