நிலவில் ஒரு மூட்டை உளுந்து

தை, மாசியில் கடம்பூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து உளுந்தும் பாசியும் களத்துக்கு வந்துவிடும். மானாவாரி வெள்ளாமை. மழைக்கும் புழுவுக்கும் தப்பி வந்த தானியம் கடைசியில் தராசில் ஏறும்போது சம்சாரியின் கண் அதை விட்டு அகலாது. முன்பு தட்டுத் தராசு, இன்று மின்னணுத் தராசு. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்வதாகத் தோன்றும். ஆனால் இரண்டும் அளப்பது வெவ்வேறு.

தட்டுத் தராசில் ஒரு பக்கம் படிக்கல், மறுபக்கம் உளுந்து. பூமி இரண்டையுமே இழுக்கிறது. முள் நடுவில் நின்றால், கல்லில் எவ்வளவு பொருள் இருக்கிறதோ அவ்வளவே உளுந்திலும் இருக்கிறது. அந்தப் பொருளின் அளவுதான் நிறை. மின்னணுத் தராசுக்கு எதிர்த்தட்டே கிடையாது. மேடைக்கு அடியில் ஓர் உலோகக் கட்டை இருக்கும். மூட்டை அழுத்தும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும்; அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உலோக இழை நீளும்; நீண்டால் மின்தடை மாறும். அந்த மாற்றத்தைத்தான் கருவி கிலோ கணக்கில் காட்டுகிறது. ஆக, அது உணர்வது பூமி மூட்டையை இழுக்கும் விசையை. அதுதான் எடை.

இந்த இழுப்பு ஊருக்கு ஊர் மாறும். பூமி சுழல்வதாலும், நடுவில் சற்றே பருத்திருப்பதாலும், நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் ஈர்ப்பு குறைவு, துருவங்களில் கூடுதல். கடம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 9 பாகையில்தான் இருக்கிறது. இங்கே சரிபார்த்த மின்னணுத் தராசை அப்படியே டெல்லிக்குக் கொண்டுபோனால், அதே 100 கிலோ மூட்டை ஏறத்தாழ 100 கிராம் கூடுதலாகக் காட்டும். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் கிட்டத்தட்ட 400 கிராம் கூடும். மூட்டையில் ஒரு மணி உளுந்துகூடச் சேர்ந்திருக்காது. தட்டுத் தராசையும் படிக்கல்லையும் கொண்டுபோயிருந்தால் எங்கே வைத்தாலும் 100 கிலோதான்.

ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதை உலகுக்கு முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு கடிகாரம். 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ஜான் ரிஷே தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குப் போனபோது, பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பிந்தியது. ஈர்ப்பு குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும். இதே ஊசல் முறையில் இந்தியாவின் ஈர்ப்பை அளக்க, பெரும் முக்கோணவியல் நில அளவைத் துறையின் கேப்டன் பாசெவி 1865 முதல் ஊர் ஊராகப் போனார். 1871-இல் லடாக்கின் உயரமான சமவெளியில், அந்த வேலையில் இருக்கும்போதே இறந்தார். ஈர்ப்பில் இருக்கும் இந்த நுண்ணிய வேறுபாட்டை அளக்க ஒரு மனிதர் உயிரையே கொடுத்திருக்கிறார் என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்ல வேண்டும்.

பூமியிலேயே இப்படியென்றால் நிலவில்? 2023 ஆகஸ்ட் 23 அன்று, விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3 அங்கே இறங்கியது. அதிலிருந்து வெளியே வந்த பிரக்யான் ஊர்தியின் நிறை 26 கிலோ. நிலவின் ஈர்ப்பு நம்முடையதில் சுமார் ஆறில் ஒரு பங்கு. நம்மூர் மின்னணுத் தராசு அங்கே பிரக்யானை நாலு கிலோவுக்குச் சற்று மேல் என்றே காட்டும். நம் உளுந்து மூட்டை பதினாறரை கிலோவாகிவிடும். ஒரு சிறுவன்கூடத் தூக்கிவிடலாம். ஆனால் தூக்கிக்கொண்டு ஓடி, சட்டென்று நிற்கப் பார்த்தால் தெரியும் சங்கதி. 100 கிலோவும் அப்படியே முன்னால் தள்ளும். தரையில் கால் அழுந்துவது குறைவு என்பதால் வழுக்கவும் செய்யும். நகர்த்தவும் நிறுத்தவும் வேண்டிய விசை நிறையைப் பொறுத்தது. அது நிலவிலும் குறைவதில்லை.

விண்வெளி நிலையத்தில் தட்டுத் தராசும் தோற்றுவிடும். 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு 90 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் கீழேதான். ஆனால் நிலையமும் மனிதரும் தராசும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால் எதுவும் எதையும் அழுத்துவதில்லை. அங்கே வீரர்கள் சுருள்வில் பொருத்திய கருவியைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அசைகிறார்கள். நிறை அதிகமென்றால் ஆட்டம் மெதுவாகும். அந்த நேரத்தை வைத்து உடலின் நிறையைக் கணக்கிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த தராசு இதுதான். இழுப்பே தெரியாத இடத்திலும் பொருள் தன் இருப்பைக் காட்டிக்கொடுக்கிறது.

மறுபடி களத்துக்கு வருவோம். மின்னணுத் தராசுக்குத் தானாக எந்த ஊரின் ஈர்ப்பும் தெரியாது. நிறை தெரிந்த கல்லை அதே ஊரில் அதன் மேல் வைத்துத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் முத்திரை வைப்பதில் இந்தச் சோதனையும் அடங்கும். ஆகவே மூட்டையை ஏற்றும் முன், முத்திரையிட்ட படிக்கல்லைத் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.